வினா 31 முதல் 48 வரை

வினாத்தாள் எண் 117.
பெயர்: ஒய்யம்மாள். வயது: முப்பத்து நாலு.
'ஆடி வந்தா அஞ்சு' என்று அவளே திருத்தினாள்.
நிலம்: ஒரு ஏக்கர் இருபது சென்ட்,
அதில் எழுபது குத்தகை.
கிணற்றில் பங்கு: நாலில் ஒன்று.
நாலு நாளைக்கு ஒருமுறை அந்தக் கிணறு அவளுடையது,
அன்றைக்குக் கரண்டும் இருந்தால்.

திருமங்கலம் கால்வாயின் வால்நுனியில்
தண்ணீர் பாய்வதாக வரைபடம் சொல்லும் ஊர்.
மடையில் பலகை இல்லை.
பலகை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சாக்கு, அதற்குள் மண்,
அதன்மேல் கோரை.

முப்பது வரை ஒழுங்காகப் போனது.
உரம் யார் சொல்லிப் போடுகிறீர்கள்?
கடைக்காரர்.
வேளாண் அலுவலரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
'இந்தா, இப்பப் பாக்குறேன்ல.'
நான் அலுவலர் இல்லை என்றேன்.
'அப்பப் பாக்கல.'
குறியீடு: 0.

முப்பத்தொன்றைப் பாதி படித்திருப்பேன்.
மோட்டார் ரூம் பல்பு எரிந்தது.
மும்முனை வந்துவிட்டது.
அவள் மண்வெட்டியை எடுத்த வேகத்தில்
எனக்கு வைத்த தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.
வரப்பில் ஓடிக்கொண்டே கத்தினாள்:
'மிச்சத்த நீயே எழுதிக்கம்மா,
ஒனக்குத் தெரியாததா!'

எழுதினேன்.
உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில்
தேனி வண்டி கக்கிய புகையில்
காற்றில் படபடத்த தாளுக்கு
டீ கிளாசைப் பாரமாக வைத்து,
பதினெட்டுக் கேள்விகளுக்கு நான் ஒய்யம்மாளாக இருந்தேன்.
ஒற்றை நாற்று நடவு பற்றித் தெரியுமா? ஆம்.
கடைப்பிடிக்க விருப்பமா? ஓரளவு.
மானியம் கிடைத்தால் களைக்கருவி வாங்குவீர்களா?
'ஆம்' கட்டத்தில் பேனா தயங்கியது என்று
இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
தயங்கவில்லை.
பஸ் வந்துவிட்டது.

மாதிரி அளவு நூற்றிருபது.
ஒருத்தி நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறமாட்டாள்.
யானைமலை தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அட்டவணை 4.7ஐத் தட்டினேன்:
அறுபத்தைந்து சதவீதத்தினர் கருவியை வரவேற்கின்றனர்.
அவள் ஓட்டு இல்லாவிட்டால் அறுபத்து நாலு சொச்சம்.
வழிகாட்டிக்குச் சொச்சம் பிடிக்காது.
பச்சை மையில் 'நன்று' என்று எழுதினார்.
அட்டவணை ஏதோ ஓர் அறிக்கைக்குப் போனது,
அறிக்கை ஏதோ ஒரு திட்டத்துக்கு.

ஏழு வருடம் கழித்து மறு ஆய்வு.
அதே முற்றம்.
கோனோ வீடர் ஒன்று
கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது.
நீலப் பெயிண்ட், துரு,
இன்னும் அழியாத வரிசை எண்.
'பாதிக் காசு நாங்க போட்டது' என்றாள்.
'கேட்டவுகளுக்குத்தான் குடுத்தாகளாம்.
நாங்க எப்பக் கேட்டோம்?
நாங்க கேட்டது மடைக்குப் பலகை.'

எப்போது கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.
ஒரு வியாழக்கிழமை,
மாலை ஐந்து ஐம்பது.

சொல்லிவிட்டேன்.
கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து
செருப்பைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தேன்.
அவள் கேட்டது வேறு:
'வருசத்துக்கு வருமானம் எம்புட்டுன்னு போட்ட?'
நாற்பத்தெட்டாயிரம்.
'ஆத்தாடி' என்று வாயில் கைவைத்தாள்.
'அந்தக் காச எங்கன வச்சேன்னும்
எழுதிருக்கியா?'

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.
நானும் சிரித்தேன், அது தப்பாகத் தோன்றியது, நிறுத்தினேன்.

மோட்டார் ரூம் பல்பு எரிந்தது.
நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.
அவள் எழவில்லை.
'ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டாச்சு,
அதுவா ஓடிக்கிரும்.
ராத்திரி வரைக்கும் இருக்கேன், கேளு'
என்று கால்நீட்டி உட்கார்ந்தாள்.

தாளைப் புரட்டினேன்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று...
தூரத்தில் குழாய் ஒரு தரம் இருமிவிட்டு
தண்ணீர் கக்கத் தொடங்கியது.
அதே பதினெட்டுதான்.
ஒன்றிலும் மடை இல்லை.